அடர்பழுப்பு கேபினட்: நிறத்துக்கு முன்னால் பலகையைப் பாருங்கள்

வெள்ளைச் சமையலறை மோகம் கொஞ்சம் தணிந்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: கருப்பட்டிக்கும் சாம்பலுக்கும் நடுவே ஓர் அடர்பழுப்பு, பித்தளைக் கைப்பிடி, பெரிய ஜன்னல். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, எங்க வீட்டு கேபினட்டையும் இப்படி அடிச்சுக் குடுக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் நிறத்தைப் பேசுவதற்கு முன் நான் கேபினட் கதவுகளைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

அந்தப் படங்களில் இருப்பவை பல சமயம் மரக் கதவுகள். நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பதோ பிளைவுட் அல்லது சிப்போர்டு (மரத்துகள் பலகை) மேல் ஒட்டிய லேமினேட் என்ற வழவழப்பான தாள். கறை ஒட்டக்கூடாது என்றுதான் லேமினேட்டே போடுகிறார்கள். கறை ஒட்டாத இடத்தில் பெயிண்டும் சுலபமாக ஒட்டாது. சுவருக்கு அடித்த எமல்ஷன் மிச்சமிருக்கிறதே என்று அதையே கேபினட்டுக்கும் அடித்தால், கைப்பிடி ஓரத்தில் நகம் பட்டதும் தோல் மாதிரி உரிந்து வரும்.

முதலில் சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். உப்பி, பொருபொருவென்று இருந்தால் சிப்போர்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எந்தப் பெயிண்டும் அதைக் காப்பாற்றாது. அந்தக் கதவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அடிக்கலாம். அடுத்து அடுப்புக்குப் பக்கத்துக் கதவு. பிவிசி படலம் ஒட்டிய கதவாக இருந்தால், சூட்டில் மூலைகள் பிரிந்து நிற்கும். பிரிந்த படலத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது காசைக் கரியாக்குவது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பலகை நன்றாக இருக்கிறது. இனிமேல்தான் உண்மையான எதிரி வருகிறது: எண்ணெய்.

தினமும் தாளிக்கிற வீட்டில் மேல் கேபினட்டின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பிசுக்கு வரும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் கதவிலும் கைப்பிடியைச் சுற்றி இது இருக்கும். இதன் மேல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் பிரைமர் எண்ணெயில்தான் உட்காரும், பலகையில் உட்காராது. அதனால் கழுவுவதற்கே எங்கள் ஆட்கள் பாதி நாள் எடுப்பார்கள். பிசுக்கு நீக்கி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, டிஷ்யூ வெள்ளையாக வரும் வரை மறுபடியும். பளபளப்புக்காக சிலிக்கான் கலந்த பாலிஷ் போட்ட கேபினட் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது மிச்சமிருந்தால் பெயிண்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும்.

வரிசையையும் கவனியுங்கள். கழுவிய பிறகுதான் உப்புத்தாள். பிசுக்கோடு தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் போய்விடும். 220 எண் தாளில் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். அப்புறம் வழவழப்பான பரப்பைப் பிடிக்கும் தனி பிரைமர், அதையும் சாம்பல் நிறம் கலந்து வாங்குங்கள். வெள்ளைப் பிரைமர் மேல் அடர்நிறம் அடித்தால் இரண்டு கோட்டில் மூடாது, நாளைக்கு ஓரம் கீறினாலும் வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

கதவின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு சோதனைத் திட்டு அடிக்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்து பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் முழு வேலையைத் தொடங்காதீர்கள். இதைச் செய்ய மறுக்கிற குத்தகைக்காரரிடம் நான் என்றால் வேலை கொடுக்க மாட்டேன்.

நிறத்துக்கு வருவோம். பெயிண்ட் நிற அட்டையில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு. இந்த அடர்பழுப்புகள் பல 15க்குக் கீழே நிற்கும். ஒடுக்கமான சமையலறை, சர்வீஸ் யார்டு வழியாக மட்டும் வரும் வெளிச்சம், அந்த வழியிலும் துணி காய்கிறது என்றால், மேலும் கீழும் இதே நிறம் அடித்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். கீழ் கேபினட்டுக்கு மட்டும் அடர்நிறம், மேலே வெளிர்மணல் நிறம் என்பதுதான் என் கட்சி.

விளக்கும் விளையாடும். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணால் சொல்வார்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் இதமான பழுப்பு, சேறு மாதிரி செத்துப்போய்த் தெரியும். அதே நிறம் 3000 கெல்வினில் சிவந்து தெரியும். செங்காங்கில் ஒரு வீட்டில் நிறத்தை மாற்றவே இல்லை, விளக்கை மட்டும் 4000 கெல்வினுக்கு மாற்றினோம், வீட்டு அம்மாவுக்குத் திருப்தி. ஏ4 அளவு அட்டையில் இரண்டு கோட் அடித்து, கதவில் நிமிர்த்தி ஒட்டி, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

அழுக்குத் தெரியாது என்று நம்பி அடர்நிறம் எடுப்பவர்கள் உண்டு. மஞ்சள்கறை மறையும், உண்மைதான். கோதுமை மாவு, காய்ந்த தண்ணீர்த்துளி, எண்ணெய்க் கைரேகை மூன்றும் எடுப்பாகத் தெரியும். மேட் (பளபளப்பில்லாத) பூச்சைத் துடைக்கத் துடைக்க அந்த இடம் மட்டும் பளபளக்கும். லேசான பளபளப்புள்ள சாட்டின் பூச்சு எடுங்கள்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் ஃபார்மல்டிஹைட் என்ற நச்சு ரசாயனம் கலந்த உட்புறப் பெயிண்டுகளை 2026 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. யாராவது பழைய டின் மலிவாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்து அடிக்கச் சொல்லி அழைப்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். கேபினட்டுக்கு அடிக்கும் நீர்சார் எனாமல் பெயிண்ட் சில மணி நேரத்தில் கைக்கு ஒட்டாது, ஆனால் முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அடர்நிறத்தில் சாயம் அதிகம், அதனால் இன்னும் மெதுவாகவே இறுகும். மதிய இடிமழையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்குள் முறுக்குச் சட்டி அடுப்பேறினால் கதவுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்யும். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பே வேலையை முடித்துவிட்டு, முதல் மாதம் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். மிச்சப் பெயிண்டை ஒரு சின்ன கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, நிற எண்ணை எழுதி வையுங்கள். கைப்பிடி ஓரம்தான் முதலில் தேயும், அப்போது தேவைப்படும்.