கூகோல்: ஒரு சிறுவன் வைத்த பெயர்

ஒன்று எழுதி, பின்னால் நூறு சுழி போடுங்கள். அதுதான் கூகோல். கோடு போட்ட நோட்டில் எழுதிப் பார்த்தேன். வரிக்கு முப்பது இலக்கம் வீதம் நாலாவது வரியிலேயே முடிந்துவிட்டது. எழுதுவது அவ்வளவு சுலபம், எண்ணி முடிக்கத்தான் யாராலும் ஆகாது.

இந்தச் சொல்லுக்கு வேர் தேடி கிரேக்கம், லத்தீன் என்று அலைய வேண்டாம். 1920 வாக்கில் அமெரிக்கக் கணிதர் எட்வர்டு காஸ்னர், இந்த எண்ணுக்கு ஒரு பெயர் சொல்லும்படி தன் சகோதரி மகன் மில்டன் சிரோட்டாவிடம் கேட்டார். ஒன்பது வயதுப் பையன் வாயில் வந்ததைச் சொன்னான், அதுவே நிலைத்துவிட்டது. 1940-இல் காஸ்னர், ஜேம்ஸ் நியூமனோடு சேர்ந்து எழுதிய நூல் அதைப் பரப்பியது. கூகுளின் பெயரும் இதே சொல்தான், எழுத்து கொஞ்சம் பிசகி.

இத்தனை பெரிய எண்ணுக்குப் பகாக் காரணிகள் இரண்டே இரண்டு: 2, 5. இரண்டும் நூறு நூறு தடவை வரும். அதனால் வகுஎண்கள் 101 × 101, அதாவது 10,201. மூன்றால் வகுத்தால் மீதி 1. இரும எண்ணாக எழுதினால் 333 இலக்கம், அங்கேயும் கடைசியில் சரியாக நூறு சுழி!

இதன் எல்லையைக் கையில் தொட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளிக் கால்குலேட்டரில் 69-இன் காரணீயப் பெருக்கத்தை, அதாவது 1 முதல் 69 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவதை, கேளுங்கள், விடை வரும். 70 என்று கேட்டால் பெரும்பாலும் பிழை காட்டும். பத்தின் அடுக்குக்கு அதில் இரண்டே இலக்கம்தான் இடம், 99-ஐத் தாண்டாது. 70-இன் காரணீயப் பெருக்கமோ, அதாவது எழுபது பேரை வரிசையில் நிறுத்தும் வழிகளோ, ஒரு கூகோலுக்கும் மேல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேரெண்களுக்குப் பூப்பெயர் வைத்த மொழி இது. தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்கள் என்கிறது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஆனால் அவற்றின் அளவு இடத்துக்கு இடம் மாறும், கூகோலுக்கு ஒன்றைப் பிடித்து ஒட்டுவது நியாயமில்லை. 'நூற்றடுக்கு' என்று ஆக்கலாம்தான், ஆனால் எதன் அடுக்கு என்று கேள்வி வரும். பொருள் விளங்க வேண்டிய இடத்தில் 'பத்தின் நூறாம் அடுக்கு', பெயராகக் கூகோல். பையனின் மழலையை மொழிபெயர்த்து என்ன ஆகப்போகிறது?

பேச்சில் சொல்ல நம்மிடம் கோடி இருக்கிறது. கோடிக்கு ஏழு சுழி. கோடியைப் பதினான்கு முறை அடுக்கினால் தொண்ணூற்றெட்டு சுழி, நூறின் இரண்டு சுழியும் சேர்ந்தால் கணக்கு சரி. ஆக, 'நூறு' என்று தொடங்கி 'கோடி' என்று பதினான்கு முறை சொல்ல வேண்டும். விரல் விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்குப் பதினொன்றிலேயே எண்ணிக்கை தவறிவிட்டது.