சடை பின்ன முடியாத கை

காரைக்குடியில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். போன கோடையில் 14 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு அவளுடைய ஐயா (அப்பாவின் அப்பா), அப்பத்தா, அப்பா என்று மூன்று பேர் வந்தார்கள். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பேஸ்பாலைப் போன்ற ஆட்டம் சாஃப்ட்பால். பள்ளி அணியில் அவள்தான் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவள். அப்பா படிக்கிற காலத்தில் ஷார்ட்ஸ்டாப், களத்தில் பந்தைத் தடுக்கிறவர். ஐயா கேட்சர், பிட்சர் வீசுகிற பந்தைக் குந்திப் பிடிக்கிறவர். 1970களில் கல்லூரியில் பழகிய ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்து, ஊரணிக்குப் பின்னால் இருக்கிற செம்மண் பொட்டலில், ஓடித் தொடுகிற பேஸ்களுக்குச் சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பி வைத்து ஆடியவர். பந்து பட்டு ஒடிந்த அவருடைய மோதிர விரல் கோணலாகவே கூடியிருக்கிறது. அதை என்னிடம் நீட்டிக் காட்டினார். “துணியச் சுத்திக்கிட்டு அன்னைக்கே ஆடி முடிச்சேன்.”

“உனக்கு எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டேன். அவள் ஐயா முகத்தைப் பார்த்தாள். “லேசாத்தான்.”

விஷயத்தை உடைத்தவர் அப்பத்தா. “ஒரு மாசமா நாந்தேன் இவளுக்குச் சடை பின்னி விடுறேன். சோம்பேறித்தனம்னு வஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். காது உயரம் வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோளின் முன்பக்கம் ஒரு விரலால் அழுத்தியதும் கண் கலங்கிவிட்டது.

“கைய இறக்கி வீசுற ஆட்டந்தானே, தோளுக்கு என்ன ஆகும்?” என்றார் அப்பா. பி.டி. ஆசிரியர்கள் பலரும் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். சாஃப்ட்பால் என்ற பெயரில்தான் மென்மை இருக்கிறது. கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 160 கிராம். இது 180 முதல் 200 கிராம் வரை, சுற்றளவு 12 அங்குலம். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் இதை 43 அடி தூரத்துக்கு, கையை முழு வட்டமாகச் சுழற்றி வீச வேண்டும். அந்தச் சுற்றின் கடைசிப் பகுதியில், பந்து கையை விட்டுப் போவதற்குச் சற்று முன்னால், கையை இழுத்துப் பிடிக்கும் பெரும் சுமை மேற்கையின் முன்பக்கத்தில் இருக்கிற பைசெப்ஸ் தசைமேல் விழுகிறது. அதை எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண் தோளின் முன்பக்கமாகத்தான் ஏறிப் போகிறது. அவளுக்கு வலித்த இடமும் அதுவே.

அதோடு, இந்த வயதில் மேற்கை எலும்பின் தலைப்பகுதியில், எலும்பு நீளமாக வளர்கிற இடமான வளர்ச்சித் தகடு இன்னும் மூடியிருக்காது. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14 முதல் 17 வயதுக்குள் மூடும். ஓய்வில்லாமல் வீசினால் அடி அங்கேயும் விழும். அதனால்தான் முதலில் எலும்பு மருத்துவரிடம் அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது தெரியாமல் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், ஸ்பிரே அடித்து மறுபடி கிரவுண்டில் இறக்குவதும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் கணக்குப் போட்டோம். அணிக்கு அவள் ஒருத்திதான் பிட்சர். போட்டி நாட்களில் இரண்டு ஆட்டம்கூட வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஐயா பந்து பிடிக்கிற கையுறையான பழைய கிளவை மாட்டிக்கொண்டு வாசலில் குந்திவிடுவார். ஐயாவும் பேத்தியும் மனம்விட்டுப் பேசுவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான். அந்தப் பந்துகளை யாரும் எண்ணவே இல்லை.

அமெரிக்காவில் விளையாட்டு மருத்துவர்கள் 13, 14 வயதுப் பிள்ளைக்கு ஒரு ஆட்டத்தில் 80 வீச்சுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். பயிற்சியில் முழு வேகத்தில் வீசுகிற பந்தையும் அந்தக் கையேதான் சுமக்கிறது. ஒரு அணிக்கு இரண்டு பிட்சரையாவது தயார் செய்யுங்கள் என்று பள்ளிகளிடம் சொல்லி வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் புரியும். ஆனால் இரவில் தோள் வலித்து விழிக்கிற பிள்ளை, சட்டை மாட்டும்போது முகம் சுளிக்கிற பிள்ளை, வழக்கமான வேகம் திடீரென்று குறைந்த பிள்ளை, இவர்களைக் கூட்டிவர செலக்‌ஷன் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அவளுக்கு ஆறு வாரம் வீச்சே கிடையாது என்றோம். இடுப்புக்கும் தோள்பட்டைக்கும் பயிற்சி கொடுத்தோம். வீச்சின் வேகத்தில் நல்ல பங்கு காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். ஐயா அன்று அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், “எங்கிட்ட ஏன் ஆத்தா சொல்லல?” என்று கேட்டார். அவள், “நீங்க ஒடிஞ்ச விரலோட ஆடுனீகள்ல” என்றாள்.

மார்கழியில் அந்தப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐயா வாசலில் குந்தியிருந்தார். பக்கத்தில் பல்லாங்குழிக் கட்டை. பத்துப் பந்துக்கு ஒரு புளியங்கொட்டையைக் குழியில் போடுகிறார். நான்கு கொட்டை விழுந்ததும் கிளவைக் கழற்றிவிட்டார்.

“இன்னும் ரெண்டே ரெண்டு ஐயா” என்றாள். அவர் கட்டையை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் இரண்டு சடை பின்னியிருந்தாள். யார் பின்னியது என்று கேட்டேன். “நாந்தேன்” என்றாள்.