கடைசலைத் திருப்பாதீர்கள்

மரத்தையோ உலோகத்தையோ சுற்றவிட்டுச் சீவி உருவம் கொடுக்கும் எந்திரம் லேத்து. போன மாதம் என் வீட்டு லேத்துக்கு, துண்டைக் கவ்விப் பிடிக்கும் புதுச் சக்கு ஒன்று வாங்கினேன். பெட்டிக்குள் தமிழில் ஒரு குறிப்புத்தாள். அப்படிச் சீவும் வேலைக்கு ஆங்கிலத்தில் டர்னிங் என்று பெயர், அது வரவேண்டிய இடத்திலெல்லாம் 'திருப்புதல்'. அதோடு, டெட் சென்டர் 'இறந்த மையம்' ஆகியிருந்தது. சுற்றாமல் நின்று வேலைத்துண்டைத் தாங்கும் முனை அது, சாகவெல்லாம் இல்லை. சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் இந்தத் திருப்புதலை இதற்குமுன் ஒரு பாடக்குறிப்பிலும் இரண்டு காணொளிகளிலும் பார்த்தாயிற்று.

லேத்தில் எதைத் திருப்புகிறோம்? துண்டைச் சக்கில் பிடித்துச் சுற்ற விடுகிறோம், டூல் அதை ஒட்டி நகர்ந்து சீவிக்கொண்டே போகிறது. சென்ற ஞாயிறு கிரைண்டருக்கு ஒரு பித்தளை புஷ், அதாவது தண்டு சுழல உள்ளே பொருத்தும் குழல், லேத்தில் போட்டேன். பித்தளை பொடிப்பொடியாய் உதிரும், எஃகென்றால் சுருள்சுருளாய் வரும். தோசையைத் திருப்பலாம், வண்டியைத் திருப்பலாம், அடகு நகையைத் திருப்பலாம். புஷ்ஷைத் திருப்பினால் மறுபக்கம் தெரியும், அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் கடைதல் என்ற சொல் எப்போதிருந்தோ இருக்கிறது. மோர் கடைவது, தீக்கடைகோலால் தீக்கடைவது, மரம் கடைவது எல்லாவற்றுக்கும் ஒரே வினை. மத்தைப் போலவே அந்தக்காலக் கடைசல்காரரின் மரத்திலும் கயிறு சுற்றி முன்னும் பின்னும் இழுப்பார்கள். சொல் அப்படித்தான் தயிர்ப்பானையிலிருந்து பட்டறைக்கு வந்திருக்கும் என்பது என் எண்ணம். கட்டில் கால், தொட்டில் கம்பு, மரச்செப்பு எல்லாம் கடைசல் வேலை. வாளையாறு தாண்டினால் மலையாளத்திலும் கடச்சில்தான். ஐடிஐ பட்டியலில் டர்னருக்குக் கடைசலர் என்றே போடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கில 'டர்ன்' என்ற சொல்லே கடைசலில் பிறந்தது. லத்தீனில் 'தோர்னாரே' என்றால் கடைதல். அது கிரேக்கத்துக் கடைசல் கருவியின் பெயரிலிருந்து வந்தது. திரும்புவது என்ற பொதுப்பொருள் அப்புறம் ஏறியது. ஆக, நம் மொழிபெயர்ப்பாளர் மூலத்தை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்திருக்கிறார்.

இன்னொரு கூட்டம் 'சுழலெந்திரம்' என்கிறது. மின்விசிறி சுழலவில்லையா, மோட்டார் சுழலவில்லையா? டிரில்லிங் மெஷினில் டூல் சுழலும், லேத்தில் வேலைத்துண்டு சுழலும். அந்த வேறுபாட்டைச் சொல்லாத பெயர் எதற்கு? தூய தமிழ் என்ற ஒரே தகுதியில் மங்கலான சொல்லை ஏற்க என்னால் முடியாது. எந்திரத்தை லேத்து என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எனக்குச் சண்டையில்லை. 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்து கோவையில் மில்லும் மோட்டாரும் பம்புசெட்டும் பெருகியபோது லேத்து தன் பெயரோடுதான் ஊன்றியது. செய்யும் வேலைக்குத்தான் நம்மிடம் சொல் இருக்கிறது.

கொங்கு நாட்டில் கடைசல் என்றால் முதலில் வாயூறும், அது உண்மை. கீரைக் கடைசல், கத்திரிக்காய்க் கடைசல். இதைச் சொல்லியே ஒரு நண்பர் மறுத்தார். சரி, 'மரை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மரை கழன்றவன் என்று ஆளைத் திட்டுகிறோம், அதற்காக போல்ட்டுக்கு மரை போடாமலா இருக்கிறோம்?

இந்தத் தாள்களை எழுதுபவர்கள் கோவையில் கணபதி என்ற பகுதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் அரைநாள் நின்றிருந்தால் போதும். அங்குலத்தில் எட்டில் ஒன்றுக்கு நூல், விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பிசிறு என்று சொற்கள் காதில் வந்து விழும். நான் போய்த் தாளைக் காட்டினேன். பட்டறைக்காரர் இரண்டு வரி படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இது தையல் மெசினுக்குங்களா?"