ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன்?

மாடு விடும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு என்றதும் பலர் சாணக்குழியைத்தான் கைகாட்டுவார்கள். பெரும்பகுதி வாய்வழியாக, ஏப்பமாகப் போகிறது. பின்பக்கம் வெளியேறுவது சொற்பம். ஆத்தூர், ஓமலூர் பக்கம் சோளத்தட்டையைத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும் கறவை மாடு, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை ஏப்பம் விடும். மீத்தேனுக்கு வாசனை கிடையாது, அதனால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

தட்டையில் உள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி மாட்டுக்கு இல்லை. அந்த வேலையை அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்த வயிறு, காற்றுப் புகாத, சுமார் 39 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நொதிகலன். நார் உடைந்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாகிறது. இவைதான் வயிற்றுச் சுவர் வழியே ரத்தத்தில் கலந்து மாட்டுக்குத் தெம்பு தருகின்றன. பாலின் கொழுப்புக்கு அசிட்டிக் அமிலம் முக்கியம். சிக்கலும் அதில்தான். அசிட்டிக் உருவாகும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அது தேங்கினால் நொதித்தலே தடைப்படும். ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்கி, அந்தத் தேக்கத்தை நீக்குகின்றன. இப்படித் தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை காற்றில் போகிறது. தட்டைக்குக் கொடுத்த காசும் அதோடு போகிறது.

புல் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தானே திரும்பப் போகிறது என்று கேட்கலாம். எடுத்தது கார்பன் டை ஆக்சைடாக, விடுவது மீத்தேனாக என்பதுதான் வித்தியாசம். சுமார் 12 ஆண்டுகளில் அது சிதைந்துவிடும். ஆனாலும் எடைக்கு எடை, 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 27 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கும் வெப்பத்தைக் கூட்டும்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 கையேடு, இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் என்று வைக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் இது சுமார் 680 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். வட அமெரிக்க மாட்டுக்கு 128 கிலோ. ஆனால் அதே அட்டவணையில் நம் மாட்டின் ஆண்டுப் பால் 900 கிலோ, அவர்களுடையது 8,400. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ பாலுக்கு இங்கே 64 கிராம் மீத்தேன், அங்கே 15. நம் பக்கம் கவனிக்க வேண்டிய எண் இதுதான். நாமக்கல் கோழிக்கு அசையூண் வயிறே இல்லை என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. மேச்சேரி ஆட்டுக்குப் பொருந்தும், ஆண்டுக்கு 5 கிலோ அளவில்.

மாடு உயிர்வாழவே தீவனத்தில் ஒரு பங்கு போகிறது. பால் வற்றிய மாடும் தின்கிறது, ஏப்பம் விடுகிறது. சினைப்பருவம் ஒன்றைத் தவறவிட்டால் 21 நாள் வீண். காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி போடுவது, விலை உயர்ந்த மருந்துகள் பலவற்றைவிட மீத்தேனைக் குறைக்கும் என்பது எங்கள் கணிப்பு.

அடுத்தது தீவனம். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிக் கிழங்குச் சக்கையான திப்பி சேலத்தில் மலிவு. அதில் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்து புரோப்பியானிக் பக்கம் போகும்; அது ஹைட்ரஜனைச் செலவழிப்பதால் மீத்தேன் குறையும். அதற்காக அள்ளிக் கொட்டக் கூடாது. வயிற்றின் கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழ் இறங்கினால் அசைபோடுவது நின்று, தீவனம் எடுக்காமல், பாலின் கொழுப்பு சரியும். திப்பியில் புரதமும் மிகக் குறைவு. கடலைப் புண்ணாக்கோ, வேலிமசாலோ, அகத்தியோ கூடவே வேண்டும். அடர்தீவனம் 2.5 லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்பது பழகிய அளவு.

வைக்கோல் மட்டும்தான் இருக்கிறது என்றால், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்கலாம். காற்றுப் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும். கரையாத யூரியா கட்டியாக வாயில் போனால் மாடு செத்தே போகும். எடுத்த வைக்கோலை ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு ஆகாது.

பெங்களூரு கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த தாவரப் பொருள்களில் உருவாக்கிய 'ஹரித் தாரா' கலவை, மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. எப்படிக் குறைத்தாலும், மிச்சமான தீவனத்துக்கு இன்னொரு மாடு வாங்கிக் கட்டினால் ஊரின் மொத்தம் இறங்காது.

சாணத்துக்கு வருவோம். வெயிலில் காயும் வறட்டியிலிருந்து மீத்தேன் குறைவு. தண்ணீரோடு குழியில் தேங்கும் சாணத்திலிருந்துதான் அதிகம். 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாளுக்கு 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கட்டுத்தரை கழுவிய பினாயில் கலந்தால் நுண்ணுயிர் செத்து வாயு நின்றுவிடும். ஏற்காட்டில் மார்கழி, தைக் குளிரில் உற்பத்தி மந்தமாகும். கலனை வெயில் படும் இடத்தில் மண்ணுக்குள் புதைத்து, கரைசலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சாணத்தின் அளவையும் குறைக்க வேண்டும்.

கசிவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நாளுக்கு 2 கன மீட்டர் வாயுவில் மீத்தேன் சுமார் 0.8 கிலோ. அதில் கால்வாசி கசிந்தாலே ஆண்டுக்கு 70 கிலோவைத் தாண்டும். ஒரு மாட்டின் ஏப்பத்தைவிட அதிகம். குழாய் இணைப்புகளில் மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சமைத்தது போக மிஞ்சும் வாயுவை வால்வைத் திறந்து வெளியே விடாமல், அடுப்பிலேயே எரித்துவிடுங்கள்.