பழைய பிக்கப்பைக் கொஞ்சம் உயர்த்தினால் ஆர்.சி. என்ன ஆகும்?

ஆத்தங்குடிக் கல் ஏற்றி ஓடிய பிக்கப் என்றால் சில வருடங்களில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். சிமெண்டும் மணலும் சேர்ந்த கல். பார்க்கக் கொஞ்சமாக இருக்கும், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் தடம் பள்ளமாகி, நடுமேட்டில் பின் ஆக்சிலின் நடு உருண்டையான டிஃபரன்ஷியல் தட்டும்போது, கொஞ்சம் தூக்கி வைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். காரைக்குடிப் பக்கம் ஸ்பிரிங் பட்டறையில் கேட்டால், “அதுக்கென்னண்ணே, ரெண்டு இன்ச் தாராளமா ஏத்திரலாம்” என்பார்கள். ஏற்றலாம்தான். அடுத்த எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று சோதனைக்குப் போகும்போதும், அதற்கு முன்பே விபத்து ஏதும் நடந்துவிட்டால் அப்போதும் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு அடிப்படை, 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து, அதனால் அடிப்படை அம்சம் மாறினால் அது ‘மாற்றம்’ என்றும் விளக்குகிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இரண்டு அங்குலம் வரை கேட்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 52-ஆவது பிரிவில் அங்குலக் கணக்கே கிடையாது. வெளிநாட்டுக்காரர்களின் யூடியூப் வீடியோவில் வரும் அளவையெல்லாம் நம்ம சிவகங்கை மாவட்டத்து டிஎன் 63 வண்டிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். “ஆர்.சி.யில உயரமே போடலையே” என்பது இன்னொரு வாதம். சரக்கு வண்டியைப் பதிவு செய்யக் கொடுக்கும் படிவம் 20-ஐ எடுத்துப் பாருங்கள். டயர் அளவு, மொத்த எடை, ஆக்சில் எடை, அவற்றோடு வண்டியின் மொத்த உயரமும் அதில் கேட்கப்படுகிறது. கார்டில் அச்சாகாத விவரம் ஆபீஸ் பதிவில் இருக்கலாம்.

ரிப்பேர் எது, மாற்றம் எது

வண்டியை உயர்த்த வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. தாழ்ந்துபோனதை நிமிர்த்தினால் போதும். ஸ்பிரிங் பட்டை (பிளேட்) தளர்ந்து வளைவு போயிருக்கும், ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் புஷ் தேய்ந்திருக்கும், நடுவில் ஒரு பிளேட் உடைந்தே கிடக்கும். கம்பெனி கொடுத்த அதே எண்ணிக்கையில், அதே அளவில் புது பிளேட் செட் போட்டு, யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் மாற்றினால் அது ரிப்பேர். வண்டி தன் பழைய உயரத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

வேலைக்கு விடுவதற்கு முன்னால் அளந்துகொள்ளுங்கள். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயரில் காற்று சரிபார்த்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடித்து எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் அதே போல அளக்க வேண்டும். பிளேட் எண்ணிக்கையும் பார்ட் நம்பரும் எழுதிய பில்லை வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) குனிந்து பார்த்துக் கேட்டால் காட்ட அந்தத் தாள் உதவும்.

கம்பெனி உயரத்துக்கு மேலே போகும் வேலைகள்தான் சிக்கல். கூடுதல் பிளேட் சேர்ப்பது, நீள ஷாக்கிள் போடுவது, ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீள யூ போல்ட்டில் இறுக்குவது, முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்) உள்ள வண்டியில் அதை முறுக்கி ஏற்றுவது, பெரிய டயர் மாட்டுவது எல்லாம் இதில் வரும். டயர் அளவு பதிவில் உள்ள விவரம் என்பதால் அது உடனே மாட்டிக்கொள்ளும். ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

கட்டை வைக்கும் வேலையில் பலர் கவனிக்காத ஒன்று பிரேக். சில பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். சேஸிஸ் பக்கம் ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். காலியாக இருக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கட்டை வைத்து உயர்த்திவிட்டு இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், லோடு ஏற்றிய பிறகும் வால்வு குறைந்த சுமைக்கான அழுத்தத்தையே கொடுக்கும். பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட் கோணம் மாறி அதிர்கிறதா என்பதெல்லாம் இதற்கு அடுத்த கவலை.

கூடுதல் பிளேட் போட்டால் கூடுதல் லோடு ஏற்றலாம் என்று நினைப்பதும் தவறு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை அப்படியேதான் இருக்கும். ஓவர்லோடுக்கு 194-ஆவது பிரிவில் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அதிகப்படி சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டியை நகர்த்த விடுவார்கள்.

அபராதம், எஃப்.சி., இன்சூரன்ஸ்

அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. வேண்டும். 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். ஆகவே பழைய வண்டி ஒவ்வொரு வருடமும் சோதனைக்கு நின்றாக வேண்டும். முன்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் வெளிச்சமும் மேலே ஏறும், அதுவும் அங்கே பார்க்கப்படும். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் பதிவே இல்லாத வண்டியாகத்தான் பார்க்கிறது. வெள்ளை போர்டு பிக்கப்புக்கு 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது இதே கேள்வி வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால், உங்கள் வண்டியின் சேதத்துக்கான க்ளெய்மில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் குறிப்பு போட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முறைப்படிதான் செய்வேன் என்பவர்கள் வேலைக்கு முன்பே வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி மாற்றத்துக்கென்றே சேவை இருக்கிறது. அனுமதி கிடைத்து மாற்றினால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். லிஃப்ட் கிட் விற்பவரிடம், உங்கள் மாடலுக்கு அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் கொடுத்த சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ‘அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க’ என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிக்கப் வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தால் விலை பேசுவதற்கு முன் பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை இருந்தால், அதைக் கழற்றிப் பழையபடி ஆக்கி, புது எஃப்.சி. எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்.