ஒலிகோடென்ட்ரோசைட்: தமிழில் சில்கிளைச் செல்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "டீமைலினேஷன்னா என்னங்க?" என்று கேட்பவர்களை ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பார்க்கலாம். நரம்பிழையின் மேலிருக்கும் மயலின் உறை சிதைந்திருக்கிறது என்று பொருள். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையைச் செய்வதுதான் ஒலிகோடென்ட்ரோசைட்.

கிரேக்கத்தில் ஒலிகோஸ் என்றால் சில, டென்ட்ரான் மரம், கைட்டோஸ் கலம். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஹோர்தேகா 1921இல் இந்தப் பெயருக்கு வழிவகுத்தார். வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது, பக்கத்து விண்மீன் வடிவச் செல்களைவிட இவற்றுக்குக் கிளைகள் குறைவாகத் தெரிந்தன. அதனால் 'சில்கிளைச் செல்' நேராகப் பொருந்துகிறது. ஈழத்துப் பாடநூல் வழக்கில் செல்லைக் கலம் என்பார்கள். அவர்களுக்குச் 'சில்கிளைக் கலம்' இன்னும் பொருத்தம். மயலினுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் மஜ்ஜை. ஆனால் மஜ்ஜை என்றால் நமக்கு எலும்புக்குள் இருப்பது. இது இழைக்கு வெளியே இருப்பது. ஆகவே மயலின் உறை என்றே சொல்வோம்.

இந்தச் செல்லின் பிறப்பிடம் நரம்புக் குருத்துச் செல். ஸ்டெம் செல்லைத் தண்டுச் செல் என்பதைவிடக் குருத்துச் செல் என்பதே எனக்குப் பிடிக்கும். தண்டு தாங்கும், குருத்திலிருந்துதான் புதிது விரியும். கருவின் தண்டுவடத்தில் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதம் சைகை தர, ஒரு பகுதிக் குருத்துச் செல்களில் 'ஒலிக்2' மரபணு விழிக்கிறது. அங்கிருந்து முதலில் தசையை இயக்கும் நரம்புச் செல்கள் பிறக்கின்றன. அப்புறம்தான் சில்கிளை முன்னோடிச் செல்கள். இவை பெருகி, இடம்பெயர்ந்து, பிரிவதை நிறுத்திவிட்டு, கைகளை நீட்டி இழைகளைத் தேடுகின்றன. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் அட்டை மேல் துணியைச் சுற்றுவதுபோல, தன் சவ்வையே இழை மேல் அடுக்கடுக்காகச் சுற்றுகின்றன. ஒரே செல் பல பத்து இழைத்துண்டுகளுக்கு உறை போடும்.

குழந்தையின் முதல் 2 ஆண்டுகளில் இந்த வேலை மும்முரமாக நடக்கும். இளமை வரை தொடரும். வளர்ந்தவர் மூளையிலும் முன்னோடிச் செல்கள் மிச்சமிருக்கின்றன. உடலின் எதிர்ப்பாற்றலே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உறை சிதைந்த இடங்களை இவை ஓரளவு சரிசெய்வதால், ஆராய்ச்சியாளர்கள் இவற்றின் மேல் பெரிய நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்.

கை, கால் நரம்புகளுக்கு உறை போடுவது ஷ்வான் செல். கருவில் நரம்புக் குழாயின் விளிம்பில் தோன்றும் நரம்பு முகட்டிலிருந்து வருவது, வேறு பரம்பரை. கில்லான்-பாரே நோயில் தாக்கப்படுவது அந்த நரம்புகளே. அங்கே சில்கிளைச் செல் என்ற பெயரைப் போடக் கூடாது.