மாத்திரைய நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்கம்மா

கொஞ்ச நாள் முன்னாடி ஓபி முடியப்போற நேரத்துல ஒரு பொண்ணு வந்தாங்க, முதல் பிரசவம், குழந்தைக்கு ரெண்டு மாசம் ஆகப்போகுது. (யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்கள மாத்திதான் எழுதுறேன்.) மூணு வாரத்துக்கு முன்னாடி நான் எழுதிக் குடுத்த செர்ட்ராலின்ங்கற மனச்சோர்வு மாத்திரை அட்டைய பர்ஸுலேர்ந்து எடுத்து மேஜை மேல வச்சாங்க. பத்து மாத்திரை அட்டை, நாலு குழி காலி, ஆறு அப்படியே இருக்கு. ஏம்மா போடலன்னு கேட்டா பதில் இல்ல, குழந்தை மடில இருக்கு, ஆனா அது முகத்த பாக்கல, ஜன்னலையே பாத்துட்டு இருந்தாங்க. கூட வந்த மாமியார்தான் சொன்னாங்க, "மெடிக்கல்ல கேட்டோம் டாக்டரம்மா, பால் குடுக்குறவங்க இதெல்லாம் போடக்கூடாதுன்னுட்டாரு, பச்ச ஒடம்புக்காரி, பால்ல எறங்கி புள்ளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அந்தம்மா மேல எனக்கு ஒரு கோவமும் வரல. பூண்டுக் குழம்பு, பத்தியச் சோறுன்னு பாத்துப் பாத்து ஆக்கிப் போடுறவங்க, மருமக சாப்பிடுறது பேத்திக்கும் போகும்னு தெரிஞ்சவங்க, அந்தப் பயம் நியாயமான பயம். ஆனா நிறுத்தப்போறோம்னு எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல, மூணு வாரம் ஓடிருச்சு, அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரல, பசி எடுக்கல, பால் குடுக்க உக்காந்தாலே அழுகை, பால் பத்தலன்னு பவுடர் பாலும் ஆரம்பிச்சாச்சு. எந்தப் பாலுக்காக மாத்திரைய நிறுத்தினாங்களோ அந்தப் பால் குடுக்கவே முடியாத நிலைமைக்கு வந்துட்டாங்க. இத நான் ஒருத்தர்கிட்ட மட்டும் பாக்கல, அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒன்னு தெளிவாகணும். பிரசவம் ஆன மூணாம் நாள், நாலாம் நாள் காரணமே இல்லாம அழுகை வர்றது, எரிச்சல் வர்றது ரொம்ப பேருக்கு இருக்கும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிரும், அதுக்கு மாத்திரை வேணாம், நல்ல தூக்கமும் பக்கத்துல ஒரு ஆளும் போதும். ரெண்டு வாரம் தாண்டியும் மனசு தேறல, எதுலயும் பிடிப்பு இல்ல, நான் நல்ல அம்மா இல்லன்னே ஓடுது, குழந்தைய தூக்கவே தோணலன்னா அது மனச்சோர்வு. வேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல கர்ப்பிணிகள தொடர்ந்து பாத்து செஞ்ச ஒரு ஆய்வு 2002ல வந்துச்சு, அதுல பிரசவத்துக்கு அப்புறம் புதுசா மனச்சோர்வு வந்தவங்க 11 சதவீதம். இந்தியாவுல நடந்த நெறைய ஆய்வுகள சேத்து 2017ல கணக்குப் பாத்தப்ப 22 சதவீதம் வந்துச்சு, அதாவது அஞ்சு அம்மாவுல ஒருத்தர். மனச்சோர்வு இருக்கான்னு பாக்க நாங்க கேக்குற எடின்பரோ கேள்வித்தாள் 1987லேர்ந்து இருக்கு, தமிழ்லயும் இருக்கு, பத்தே கேள்விதான். அந்தப் பொண்ணுகிட்ட பத்தாவது கேள்வி கேட்டப்ப, உன்னையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதாம்மான்னு, முதல் தடவையா என்னப் பாத்தாங்க, ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினாங்க. வீட்டுல யாருக்கும் அது தெரியாது. லேசான மனச்சோர்வுன்னா பேச்சு சிகிச்சை, தூக்கம், வீட்டாளுங்க உதவின்னு ஆரம்பிக்கலாம், ஆனா இந்த அளவுக்கு வந்தப்புறம் மாத்திரை இல்லாம சமாளிங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது.

மாமியாருக்கு ஓபி சீட்டுப் பின்னாடியே கணக்குப் போட்டுக் காட்டினேன். மாத்திரை வயித்துலேர்ந்து ரத்தத்துக்குப் போகுது, ரத்தத்துலேர்ந்துதான் பாலுக்கு வரணும். செர்ட்ராலின் 98 சதவீதம் ரத்தத்துல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டது சுலபமா பாலுக்குள்ள எறங்காது, மிச்சம் மீதிதான் எறங்கும். கிலோவுக்கு இவ்ளோன்னு எடை வச்சு கணக்குப் பண்ணா அம்மாவுக்குப் போறதுல குழந்தைக்குப் போறது பொதுவா அரை சதவீதத்துலேர்ந்து 3 சதவீதம் வரைக்கும்தான், 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தாலே பால் குடுக்கலாம்னு டாக்டருங்க எடுத்துக்குவோம். 2 சதவீதம்னே வச்சுக்குவோம், அம்மா 60 கிலோ, பாப்பா 4 கிலோ, அம்மா போடுறது 50 மில்லிகிராம். அந்த ஒரு மாத்திரைய 750 துண்டா ஒடைச்சா அதுல ஒரு துண்டு, அதான் பாப்பாவுக்கு ஒரு நாளைக்குப் போறது. அந்தம்மா சீட்டை வாங்கி ரெண்டு தடவை பாத்தாங்க. பால் குடிச்ச குழந்தைங்களோட ரத்தத்த எடுத்து சோதிச்சதுல நெறைய குழந்தைங்ககிட்ட கருவிக்கே பிடிபடாத அளவுதான் இருந்துச்சு, அதையும் சொன்னேன்.

ஆனா இந்தக் கணக்கு எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது, பக்கத்து வீட்டு அக்காவோட சீட்டைக் காட்டி மெடிக்கல்ல வாங்கிராதீங்க. புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு நாங்க முதல்ல யோசிக்கிறது செர்ட்ராலின், அதே மாதிரி பராக்ஸெடினும் பால்ல கொறச்சலா வரும். எஸ்ஸிட்டலோபிராம் அத விட கொஞ்சம் கூட வரும், பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஒன்னும் ஆகறதில்ல. ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்புல ரொம்ப நாள் தங்குற மருந்து, சின்னக் குழந்தை உடம்புல சேர வாய்ப்பு இருக்கு, அதனால புதுசா ஆரம்பிக்க அது முதல் சாய்ஸ் இல்ல. அதுக்காக கர்ப்பத்துல ஃப்ளூவாக்ஸெட்டின் போட்டு நல்லா இருக்குறவங்களுக்கு பிரசவம் ஆன கையோட அத மாத்தவும் மாட்டோம், வயித்துக்குள்ள இருந்தப்ப குழந்தைக்குப் போனது பால் வழியா போறத விட அதிகம், கேட்டுட்டு இருக்குற மருந்த அந்த நேரத்துல மாத்திப் பாக்குறதுதான் ஆபத்து. டாக்ஸெபின்னு ஒன்னு இருக்கு, அதத் தவிர்க்கச் சொல்லுவோம், பால் வழியா போயி குழந்தைக்கு மூச்சு மந்தமான சம்பவம் பதிவாகியிருக்கு.

நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணமா எழுதுற ஒரு கூட்டு மாத்திரை இருக்கு, எஸ்ஸிட்டலோபிராமும் க்ளோனாஸெபாமும் ஒரே மாத்திரையில. பால் குடுக்குறவங்க இத தயவுசெஞ்சு கவனிங்க. க்ளோனாஸெபாம் மனச்சோர்வு மருந்து இல்ல, பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்குறது, அது குழந்தைக்கும் மயக்கம் குடுக்கலாம், அம்மாவுக்கும் அசந்த தூக்கம் வரும். ஏற்கனவே போட்டுட்டு இருந்தீங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, அட்டைய எடுத்துட்டுப் போயி பால் குடுக்குறேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. தூக்கம் வர்ற எந்த மருந்து போட்டாலும் குழந்தைய ஒரே படுக்கையில அணைச்சுப் படுக்க வேணாம், பக்கத்துல தனியா படுக்க வைங்க.

இன்னொன்னு, பால் சுரக்கணும்னு டாம்பெரிடோன் போட்டுட்டு இருப்பீங்க, வாங்கிக் குடுத்தவங்களே மறந்திருப்பாங்க. அதுவும் எஸ்ஸிட்டலோபிராமும் சேந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகுற அபாயம் கூடும், அதனால ரெண்டையும் சேத்துப் போடுறீங்கன்னா டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். அதே வேலைக்கு சிலர் மெட்டோகுளோபிரமைடு போடுறாங்க, அந்த மருந்தே சிலருக்கு மனச்சோர்வ கொண்டு வரும். அதனாலதான் நான் வர்ற அம்மாங்ககிட்ட லேகியம், சத்து டானிக் உள்பட வீட்டுல இருக்குற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கொண்டு வாங்கன்னு சொல்றது. தைராய்டும் ரத்தமும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம், பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு கோளாறு வந்தாலும் இதே சோர்வுதான் தெரியும்.

மாத்திரை போட்டப்புறம் எத்தன மணி நேரம் கழிச்சு பால் குடுக்கணும்னு எல்லாரும் கேக்குறாங்க. செர்ட்ராலினுக்கு நேரம் பாக்க வேணாம், பாலைப் பீச்சிக் கீழ ஊத்தவும் வேணாம், குழந்தை கேக்குறப்ப குடுங்க. நீங்க பாக்க வேண்டியது குழந்தைய. பால் குடிக்க எழுப்பினாலும் எந்திரிக்காம அசந்தே கிடக்குதா, சப்புறதுல வலு இல்லையா, எதுக்குமே அடங்காம அழுதுட்டே இருக்கா, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்னுக்குப் போகுதா, எடை ஏறுதா. எடைக்குன்னு தனியா அலைய வேணாம், 45 நாள் ஊசி, அப்புறம் பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் ஊசிக்குப் போறப்ப நர்ஸ் அட்டையில எடை எழுதித் தருவாங்க, அந்த அட்டைய எங்ககிட்டயும் காட்டுங்க. குறைமாசத்துல பொறந்த குழந்தை, மஞ்சக்காமாலை இருந்த குழந்தை, எடை கொறஞ்ச குழந்தைன்னா அதோட ஈரலும் கிட்னியும் மருந்த வெளியேத்த இன்னும் பழகியிருக்காது, அப்ப குழந்தை டாக்டரும் நாங்களும் சேந்து பேசித்தான் முடிவு எடுப்போம்.

முதல் வாரம் கஷ்டமா இருக்கும்னு முன்னாடியே சொல்லிர்றேன். குமட்டல், தலவலி, வயித்தால போறது, சிலருக்கு பதட்டம் கூட கொஞ்சம் ஏறும், அதனால 25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு ஒரு வாரம் கழிச்சு 50க்குப் போவோம். நல்லது தெரிய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், நாலு மாத்திரையில ஒன்னும் தெரியாது. நல்லானப்புறமும் ஆறு மாசத்துக்குக் கொறையாம போடணும், அப்புறம் மெல்ல மெல்ல கொறச்சுத்தான் நிறுத்தணும், திடீர்னு நிறுத்துனா தலசுத்து, எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி எல்லாம் வரும், நோயும் திரும்பும்.

ஒரு விஷயத்த எங்ககிட்ட மறைக்காதீங்க, எப்பயாவது நாள் கணக்குல தூக்கமே இல்லாம ரொம்ப உற்சாகமா, ஓயாம பேசிட்டு, அளவுக்கு மீறி செலவு பண்ணிட்டு இருந்திருக்கீங்களா, குடும்பத்துல யாருக்காவது அப்படி இருந்துச்சா. அப்படி இருந்தா மனச்சோர்வு மாத்திரைய மட்டும் தனியா குடுக்குறது ஆபத்து. பிரசவம் ஆகி ரெண்டு மூணு வாரத்துக்குள்ள சம்பந்தமில்லாம பேசுறது, காதுல குரல் கேக்குது, குழந்தைய யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்றதுன்னா அது ஆயிரத்துல ஒன்னு ரெண்டு பேருக்கு வர்ற தீவிரமான பிரசவ மனநோய், கோடாங்கி, மந்திரிக்கிறதுன்னு ஒரு நாள் கூட தள்ளாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்க, தனியா விடாதீங்க. சாகணும்னு தோணினாலும், குழந்தைய ஏதாவது பண்ணிருவேனோன்னு பயமா இருந்தாலும் ராத்திரி எந்நேரமும் அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம், காசு இல்ல.

இவ்ளோ சொன்னப்புறமும் பால் குடுக்குறதே பெரும் பாரமா இருக்கு, ராத்திரி தூக்கம் இல்லாம முடியலன்னு சொல்ற அம்மாங்களும் இருக்காங்க. அவங்க ஒரு வேளை பவுடர் பால் குடுத்துட்டுத் தூங்கினா அதுல தப்பு ஒன்னும் இல்ல. ராத்திரில அம்மாவுக்கு சேந்தாப்புல நாலஞ்சு மணி நேரம் தூக்கம் வேணும், அந்த நேரம் குழந்தைய தூக்கிக்கிறது அப்பாவோ பாட்டியோ.

அந்தப் பொண்ணு அன்னைக்கே திரும்ப ஆரம்பிச்சாங்க. மாத்திரைய மாமியார் தன்கிட்ட வச்சுக்கிட்டு தினம் ராத்திரி சோத்துக்கு அப்புறம் எடுத்துக் குடுத்தாங்க, ரெண்டு வாரம் மருமகள தனியா விடல, மூணு நாளைக்கு ஒரு தடவை நாங்களும் போன் பண்ணிக் கேட்டோம். ஆறு வாரம் கழிச்சு ஒரு நாள் காலைல அந்தப் பொண்ணே போன் பண்ணாங்க, "மேடம், பாப்பா நேத்துலேர்ந்து நாலஞ்சு தடவை தண்ணியா மலம் போறா, மாத்திரைய நிறுத்தவா, போடவா?" பால் குடிக்கிறாளா, ஒன்னுக்கு எத்தன தடவை போறான்னு கேட்டேன். நல்லா குடிக்கிறா, ஏழெட்டு தடவை போறா, இப்ப என்னப் பாத்து சிரிச்சுட்டு இருக்கான்னாங்க. குழந்தை டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டிருங்க, மாத்திரைய வழக்கம்போல ராத்திரி போடுங்கன்னு சொன்னேன்.